ஈரக் கையால் எழுதியவர்

அவருடைய வலது கைச் சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. திருக்கை முள் குத்திய இடம் அழுகியதால் மேல் மூட்டோடு எடுத்துவிட்டார்கள் என்று முதல் நாளே சொன்னார். மற்ற விரல்கள் ஒவ்வொன்றும் என் விரல்களில் இரண்டைச் சேர்த்துக் கட்டியதுபோல இருந்தன. வலைக் கயிறு அறுத்த தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அந்தக் கையை மேசையில் வைத்து, பக்கத்தில் இருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதன் திரை தீப்பெட்டியில் பாதி இருக்கும்.

"இந்தக் கையாலை உதிலை எழுத ஏலுமே பிள்ளை?"

ஏலாது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கட்டிவிட்டேன்.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து ஐந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தோம். கைக்கடிகாரத் திரையில் தமிழ் எழுதுவதற்கு ஒரு விசைப்பலகை செய்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை அந்தச் சின்னச் சதுரத்துக்குள் அடக்குவது எப்படி என்று மற்ற நால்வரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். என் வேலை, ஆட்களைக் கூப்பிட்டுக் கடிகாரத்தைக் கட்டிவிட்டு, வசனம் கொடுத்து எழுதச் சொல்லி, எங்கே பிழைக்கிறார்கள் என்று குறிப்பது. வந்தவர்கள் எல்லோரும் மாணவர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள். மெல்லிய, உலர்ந்த விரல்கள்.

அவர் கீழ்வீட்டுக்கு நண்டு கொண்டுவந்து கொடுப்பவர். நகரத்தை ஒட்டிய கொழும்புத்துறைக் கடற்கரைக்காரர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். படிக்கட்டில் ஆட்கள் ஏறி இறங்குவதைப் பார்த்து, என்ன நடக்கிறதென்று விசாரித்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானாகவே மேலே வந்தார்.

முதல் வசனம், "இன்று வானம் தெளிவாக உள்ளது." அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எழுந்து யன்னலடிக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தார்.

"எங்கை தெளிவாக் கிடக்கு? கிழக்காலை கறுத்துக்கொண்டெல்லோ வருது."

"அது சும்மா ஒரு வசனம் அண்ணை. உள்ளதை உள்ளபடி எழுதினால் காணும்."

"இல்லாததை ஏன் பிள்ளை எழுதுவான்?"

அடுத்த வசனம், "என் தம்பி கொழும்பில் வேலை செய்கிறான்." தனக்குத் தம்பி இல்லை என்றார். மூன்றாவதும் சரிவரவில்லை. கடைசியில் அவருக்கென்றே புதிதாக எழுதிக் கொடுத்தேன். "இன்று நான் நண்டு கொண்டுவந்தேன்." அதை எழுத அவருக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. நடுவிரலால் தொட்டார், சுண்டுவிரலால் தொட்டார், மடக்கிய விரல்மொழியால் முட்டிப் பார்த்தார். எந்த விரலை வைத்தாலும் அது முழுத் திரையையும் மூடியது. "விரலுக்குக் கீழை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். எங்கள் நிறுவனத்தில் அதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருந்தார்கள். அவர் சொன்னதுதான் விஷயம்.

பன்னிரண்டு நிமிடத்தில் அவர் கதிரையில் இருந்தது இரண்டு நிமிடம்கூட இருக்காது. எழுந்தார், நடந்தார், யன்னலடியில் நின்றார், படிக்கட்டை எட்டிப் பார்த்தார். இருந்த இடத்தில் இருந்து எழுத வேண்டும் என்பது சோதனையின் விதி. நான் மூன்று தரம் சொன்னேன்.

"நான் இருந்து எழுதப்போறேல்லை பிள்ளை. இடுப்பளவு தண்ணிக்கை நிண்டு எழுதப்போறன். கதிரையிலை இருந்து பழகி எனக்கென்ன காணும்?"

எனக்கு எரிச்சல் வந்தது. அன்றைய முடிவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். நண்டு இல்லாத நாளிலும் வந்தார். நாலாம் நாள், கீழே தண்ணீர்க் குழாயில் கையை நனைத்துக்கொண்டு, துடைக்காமலே மேலே வந்து நின்றார். "இப்ப பாரும்" என்றார். தொட்ட எழுத்து ஒன்று, வந்த எழுத்து வேறு. விரலை எடுக்கும்போது அதோடு ஒட்டி வந்த நீர்த்துளி இன்னொரு எழுத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

"எடுக்கேக்கைதான் பிழைக்குது. எடுக்காமல் விட்டால் என்ன?"

"எடுக்காமல் எப்பிடி அண்ணை எழுதுறது?"

விரலைத் திரையில் வைத்து, தூண்டில் நூலை இழுப்பதுபோல ஒரு பக்கமாக இழுத்துக் காட்டினார். "வைச்சு இழுக்கிறன். இழுத்த பக்கத்திலை இருக்கிற எழுத்தைப் போடச் சொல்லும் உதுக்கு. நான் எடுக்கிறதைப் பற்றி உது யோசிக்கக்கூடாது."

இரண்டு வாரத்தில் அப்படியே மாற்றிச் செய்தோம். ஆறு கட்டங்கள். ஒன்றைத் தொட்டு, எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்த எழுத்து விழும். அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகித்து அதுவே காட்டும். மாணவர்களின் வேகம்கூட அதில் இரண்டு மடங்கானது. பொறுப்பாளர் என்னைப் பாராட்டினார். அது அந்த நண்டுக்காரருடைய யோசனை என்று நான் அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். அந்த வரி கடைசி வரை அறிக்கையில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவும் ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்கு ஒரே மகள், பத்தொன்பது வயது. பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. வீட்டில் தையல் மெசினோடு தனியாக இருப்பாள். போன் அடித்துப் பயன் இல்லை, எழுதித்தான் அனுப்ப வேண்டும். கடலில் அவருடைய போன் நனையாமல் பிளாஸ்டிக் சொப்பின் பைக்குள் வள்ளத்தின் அடியில் கிடக்கும். வலையை விட்டுவிட்டுக் கையைத் துடைத்து, பையை அவிழ்த்து எடுப்பதற்குள் மூச்சு முட்டிவிடும் என்று சொல்வார். மணிக்கட்டிலேயே ஒன்று இருந்தால், அது துடிக்கும்போது தெரியும். நின்ற இடத்திலேயே பதில் போடலாம்.

சோதனைக்காக ஒரு கடிகாரத்தை அவரிடமே கொடுத்துவைத்தோம். அதில் எழுதும் ஒவ்வொரு எழுத்தும் எங்கள் கணினிக்கு வரும் என்று படிவத்தில் இருந்தது. வாசித்துக் காட்டினேன். "வரட்டும், என்னட்டை என்ன ரகசியம் கிடக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

காலையில் அலுவலகம் வந்ததும் அவர் எழுதியதைத்தான் முதலில் திறப்பேன். வேலைக்காகத் திறந்தேன் என்று அப்போது சொல்லிக்கொள்வேன்.

"எங்கை?" "வீட்டிலையோ?" "சாப்பிட்டியே?" "கதவு பூட்டோ?" "எங்கை?" "ஏன் பதில் இல்லை?" "எங்கை?"

ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தரம். பழகப் பழக விசைப்பலகை அவரைப் புரிந்துகொண்டது. விரலை வைத்த உடனேயே "எங்கை" என்ற சொல்லைத் தூக்கிக் காட்டத் தொடங்கியது. ஒரே இழுப்பு, செய்தி போய்விடும். எங்கள் கூட்டங்களில் அதை வெற்றி என்று படம் போட்டுக் காட்டினோம்.

ஒரு தரம் கடிகாரத்தில் புதிய பதிப்பை ஏற்றுவதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கடலுக்குப் போயிருந்தார், வந்துவிடுவார் என்று மகள் சைகையில் சொல்லிக் கதிரை போட்டாள். மெசின் மேசையில் அவளுடைய போன் இருந்தது. அது துடித்தது. தைப்பதை நிறுத்திப் பதில் போட்டாள். இரண்டு தையல் போட்டாள், மறுபடி துடித்தது. அவள் முகம் சுளிக்கவில்லை, தோள் மட்டும் இறங்கியது. பிறகு போனில் எழுதி என்னிடம் நீட்டினாள்.

"முந்தி அப்பா கடலுக்குப் போனால் நான் தைப்பன். இப்ப அப்பா கடலுக்குப் போறதே இல்லை. எப்பவும் என்ரை பக்கத்திலை நிக்கிறார். உங்கடை மணிக்கூட்டாலை."

போனை வாங்கினேன். "அன்பால்தான்" என்று எழுதினேன். அதை வாசித்துவிட்டு, மரியாதைக்காகச் சிரித்தாள்.

அன்று பின்னேரம் அவர் என்னை பஸ் நிறுத்தம் வரை சைக்கிளை உருட்டியபடி கொண்டுவந்து விட்டார். ஏன் இவ்வளவு தரம் கேட்கிறீர்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். சைக்கிளின் பெல்லைத் தட்டினார். பிறேக்கை அழுத்திப் பார்த்தார். பிறகு, நான் கேட்டதை மறந்திருப்பார் என்று நினைத்தபோது சொன்னார்.

"அப்ப இவளுக்கு எட்டு வயசு, பிள்ளை. நான் கடலிலை. தாய்க்காரி குசினிக்கை, அடுப்படியிலை விழுந்திட்டாள். நான் கரைக்கு வந்து போன் அடிக்கிறன், அடிக்கிறன், எடுக்கேல்லை. மீனை வித்துப்போட்டு ஆறுதலாப் போறன். வீட்டிலை போன் அடிச்சபடியே கிடந்திருக்கு, அதுக்குப் பக்கத்திலை இவள் தாயின்ரை குளிர்ந்துபோன கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள். இவளுக்குக் கேக்கேல்லை. ஒருதரையும் கூப்பிடவும் தெரியேல்லை."

பஸ் வந்தது. "ஏறும், ஏறும்" என்று அவசரப்படுத்தினார்.

அந்த வருடம் மாரி தொடங்கும்போது அவருடைய செய்திகளில் புதிய சொல் ஒன்று வந்தது. வவுனியா. காது கேளாத பிள்ளைகளுக்குத் தையலும் ஆடை வடிவமைப்பும் படிப்பிக்கும் இடம் ஒன்றிலிருந்து மகளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. இரண்டு வருடம், தங்கிப் படிக்க வேண்டும். அவள் எழுதிய பதில்கள் எங்கள் கணினிக்கு வராது. அவர் எழுதியதிலிருந்தே எல்லாவற்றையும் ஊகித்தேன்.

"வவுனியா வேண்டாம்." "இஞ்சை தைச்சால் காணும்." "அழாதை." "கடிதத்தைக் கிழி."

இவை அனுப்பிய செய்திகள். எங்கள் பதிவில் அனுப்பியவை கறுப்பிலும், எழுதிவிட்டு அழித்தவை சிவப்பிலும் இருக்கும். எந்த இடத்தில் விரல் பிழைக்கிறதென்று அறிவதற்காக அழித்ததையும் சேமித்தோம். அவருடைய பதிவில் அந்த நாட்களில் சிவப்பு கூடிக்கொண்டே வந்தது. அவை பிழைகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் வாசித்தேன்.

மழை கொட்டிய ஒரு நாள் மத்தியானம், மகள் சைக்கிளில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. போனை நீட்டினாள். தகப்பனின் கடைசிச் செய்தி காலை ஒன்பது மணிக்கு வந்திருந்தது. இப்போது ஒன்று. அவள் அனுப்பியவை வரிசையாகப் பதில் இல்லாமல் கிடந்தன. நாலு மணித்தியாலம் அவர் "எங்கை" என்று கேட்காமல் இருந்தது அதற்கு முன் நடந்ததே இல்லை.

நான் கணினியைத் திறந்தேன். பதினொன்றரைக்குப் பிறகு எழுத்துகள் வந்திருந்தன. "யயயயமமமமயயகக." ஒரு பக்கம் முழுக்க அப்படி.

அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அது என்ன, என்ன என்று விரலால் திரையைக் குத்தினாள். தண்ணீருக்குள் கையை அடித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனைத்தான் அவள் அதில் பார்த்தாள் என்று நினைக்கிறேன். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் பட்டது. பிறகுதான் நினைவு வந்தது. மழைத்துளியும் அந்தத் திரையில் எழுதும். குழாய்க்குக் கீழே வைத்துச் சோதித்தபோது இதே மாதிரித்தான் வந்தது.

"மழை. கை இல்லை" என்று எழுதிக் காட்டினேன். அவள் நம்பவில்லை. கை எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகப் பதிவை மேலே தள்ளினேன். நேற்று, முந்தநாள், அதற்கு முந்திய நாள். "பார், இதுதான் அப்பாவின் கை" என்று எழுதினேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். நான் நினைத்த காரணத்துக்காக இல்லை. அவளுடைய விரல் ஒரு சிவப்பு வரியில் நின்றது.

"சிவப்பு என்ன?" என்று போனில் எழுதிக் கேட்டாள்.

பிழை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரம் பொய் வரவில்லை. "எழுதிப்போட்டு அழிச்சது" என்று எழுதினேன்.

அவள் என் கையிலிருந்து மவுசை வாங்கினாள். மெல்ல மெல்லக் கீழே இறக்கி வாசித்தாள்.

"போ." அழித்திருந்தார். "வவுனியா வேண்டாம்" என்று அனுப்பியிருந்தார். "போகலாம்." அழித்திருந்தார். "நீ போ பிள்ளை நான் சமாளிப்ப" என்பது பாதியில் நின்று, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிந்திருந்தது. அதற்கு அடுத்த நிமிடம் அனுப்பியது, "எங்கை?" மூன்று கிழமையில் ஒன்பது தரம் "போ" என்று எழுதியிருந்தார். ஒன்பது தரமும் அனுப்பவில்லை.

அவள் வாசித்து முடித்தபோது அவளுடைய போன் துடித்தது. "எங்கை?" மறுபடி, "எங்கை? எங்கை?" பிறகு தெரிந்தது, காற்றுக்கு வள்ளத்தைக் கரையோரக் கண்டல் மரப் பற்றைக்குள் கட்டிவிட்டு நின்றிருக்கிறார். போன் பை நனைந்து தொடர்பு அறுந்து அறுந்து வந்திருக்கிறது; வந்த நேரத்தில் திரையில் மழைதான் எழுதியிருக்கிறது. இப்போது வீட்டுக்கு வந்து பார்த்தால் மகளைக் காணவில்லை. அவள் பதில் போட்டாள், கன்னத்தைத் துடைத்தாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்குள்ளேயே போனாள்.

அடுத்த நாள் காலை அவர் வந்தார். படியேறி வந்த சத்தத்திலேயே எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். கடிகாரத்தைக் கழற்றி என் மேசையில் வைத்தார். வைத்தார் என்று சொல்ல முடியாது, அது மேசையில் ஒரு தரம் குதித்தது.

"நான் அனுப்பாததை அவளுக்கு ஆர் குடுத்தது?"

நான் எழுந்து நின்றேன். பொறுப்பாளர் உள்ளேயிருந்து வந்தார். "நீங்கள் படிவத்திலை கையெழுத்து வைச்சனீங்களெல்லோ அண்ணை?"

"வைச்சனான். நான் எழுதிறதைப் பாக்கலாம் எண்டு வைச்சனான். நான் எழுதாமல் விட்டதைப் பாக்கச் சொல்லி எங்கை வைச்சனான்? அந்த இடத்தைக் காட்டுங்கோ."

பொறுப்பாளர் படிவத்தைத் தேடப் போனார். அந்த இடம் அதில் இருந்தது. நாலாம் பக்கத்தில், சின்ன எழுத்தில். அதை நான் அன்று வாசித்துக் காட்டவில்லை.

"அண்ணை, அவ உங்களைக் காணேல்லை எண்டு பயந்து..." என்று தொடங்கினேன்.

"தெரியும். எல்லாம் சொன்னவள்." அறைக்குள் இரண்டு நடை நடந்தார். குரல் இறங்கியது. "ராத்திரி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுப்போட்டுப் போனிலை எழுதிக் காட்டுறாள், 'சரி அப்பா, போறன்' எண்டு. நான் 'போ' எண்டு சொல்லவே இல்லை பிள்ளை. ஒவ்வொரு நாளும் எழுதிப் பாத்தனான், சொல்ல ஏலுமோ எண்டு. ஏலேல்லை. ஏலாததைத்தானே அழிச்சனான். இப்ப நான் என்னெண்டு இல்லையெண்டுறது?"

"அவவுக்கு நல்லதுதானே அண்ணை" என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நல்லதாய் இருக்கலாம். அது வேறை. நீர் செய்தது பிழை."

போய்விட்டார். கடிகாரத்தைத் திரும்பவும் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க, அழித்த எழுத்துகளைச் சேமிக்கக்கூடாது என்று பொறுப்பாளரோடு வாதாடினேன். வாடிக்கையாளருக்கு அது வேண்டும் என்றார். எத்தனை எழுத்து அழிந்தது என்ற எண்ணிக்கை காணும், எந்த எழுத்து என்று வேண்டாம் என்று நான் நின்றேன். இறுதியில் ஒத்துக்கொண்டார். பழைய பதிவுகளை நானே அழித்தேன். அவருடையதை அழிக்கும்போது ஒரு வரியும் வாசிக்கவில்லை. நான் அவருக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதை அவரிடம் போய்ச் சொல்லத் துணிவு வரவில்லை.

தை மாதம் மகள் எனக்குச் செய்தி அனுப்பினாள். திங்கட்கிழமை காலை வவுனியா பஸ்ஸில் போகிறாளாம், வருவீர்களா என்று கேட்டிருந்தாள்.

பஸ் நிலையத்தில் அவர் என்னைக் கண்டார். கம்பத்தைத் தாண்டிப் போவதுபோல என்னைத் தாண்டிப் போனார். ஓரிடத்தில் நிற்கவில்லை. பஸ்ஸைச் சுற்றி வந்து நாலு சில்லையும் காலால் தட்டிப் பார்த்தார். பெட்டியை மேலே ஏற்றினார், இறக்கினார், சீற்றுக்குக் கீழே தள்ளினார். நடத்துநரிடம் போய், "தம்பி, பிள்ளைக்குக் காது கேளாது. இடம் வந்தால் தோளிலை தட்டிச் சொல்லும்" என்றார். சாரதியிடமும் அதையே சொன்னார். முன் சீற்றில் இருந்த ஒரு மனிசியிடமும் சொன்னார். மகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பிறகு யன்னலால் கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரம் கட்டியிருந்த இடம் மட்டும் இன்னும் வெளிறிக் கிடந்தது. பஸ் அசையும் வரை அவள் விடவில்லை.

பஸ் நகர்ந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஆனையிறவு தாண்டிக் குடாநாட்டை விட்டு வெளியிலை போக எவ்வளவு நேரம் செல்லும்?"

"ஒரு மணித்தியாலம் செல்லும் அண்ணை."

அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது. அவர் சைக்கிளில் ஏறி பஸ்ஸுக்குப் பின்னாலே மிதித்தார். சந்தை நெரிசலில் பஸ் தயங்கியபோது கிட்டத்தட்ட அதைப் பிடித்துவிட்டார். பின் கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. அவள் கையை உயர்த்தி ஒரு சைகை காட்டினாள். அந்த வீட்டுச் சைகை எனக்குப் புரியவில்லை. பஸ் வேகமெடுத்தது. அவர் மிதிப்பதை விட்டார், சைக்கிள் தானாகக் கொஞ்சத் தூரம் ஓடியது. ஒரு காலைத் தரையில் ஊன்றினார். பஸ் வளைவில் மறைந்த பிறகும், பின்னால் வந்த ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிக்க அடிக்க, அந்த இடத்திலேயே அசையாமல் நின்றார்.